சிறுவர் தீவும் பெரியவர் போரும்

வில்லியம் கோல்டிங்கின் 'லார்ட் ஆஃப் தி ஃப்ளைஸ்' நாவல் 1954-இல் லண்டனில் வெளிவந்தது. விமானம் விழுந்து ஆளில்லாத் தீவில் அகப்பட்டுக்கொண்ட ஆங்கிலேயப் பள்ளிச் சிறுவர்கள், முதலில் கூட்டம் கூடித் தலைவனைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பிறகு பன்றி வேட்டையில் இறங்கி, கடைசியில் தங்களுக்குள்ளேயே கொலை செய்கிறார்கள். தட்டிக்கேட்க ஆளில்லாவிட்டால் மனிதன் விலங்காகிவிடுவான் என்பதே நாவலின் கருத்து என்று விடைத்தாள்களில் எழுதி வருகிறார்கள். அப்படிப் படித்தால் நாவலில் பாதி விடுபட்டுப் போகும். விடுபடுவது போர்.

கோல்டிங் 1940-இல் பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்தவர். ஜெர்மனியின் 'பிஸ்மார்க்' கப்பலைத் துரத்திய நடவடிக்கையில் பங்கேற்றார். 1944-இல் நார்மண்டித் தரையிறக்கத்தின்போது ராக்கெட் ஏவும் படகு ஒன்று அவர் பொறுப்பில் இருந்தது. போர் முடிந்ததும் சாலிஸ்பரி பள்ளிக்குத் திரும்பிப் பையன்களுக்குப் பாடம் நடத்தினார். சிறுவர் தீவுக் கதை அதற்கு முன்பே உண்டு: பாலன்டைன் என்ற எழுத்தாளர் 1857-இல் எழுதிய 'கோரல் ஐலண்ட்' கதையில் ரால்ஃபும் ஜாக்கும் நல்ல பிள்ளைகள்; கேடெல்லாம் வெளியிலிருந்து, கொள்ளையரும் நரமாமிசம் தின்பவர்களுமாக வரும். கோல்டிங் அந்தப் பெயர்களை எடுத்துக்கொண்டு, கேட்டை வெளியிலிருந்து பிள்ளைகளின் உள்ளுக்கு மாற்றினார்.

ஆனால் அந்தப் பிள்ளைகள் எங்கிருந்து வந்தார்கள்? அணுகுண்டு விழுந்த ஒரு போரிலிருந்து. ஜாக் முகத்தில் களிமண்ணும் கரியும் பூசிக்கொள்ளும் இடத்தைக் காட்டுமிராண்டித்தனத்தின் தொடக்கமாகச் சொல்வது வழக்கம். அங்கே அவன் சொல்லும் காரணம் வேறு: எதிரியை ஏமாற்றப் போர்க்கப்பல்களுக்கு வண்ணம் பூசுவார்களே, அதுபோல! வேடத்தைக் காடு கற்றுத்தரவில்லை, கடற்படை கற்றுத்தந்திருக்கிறது.

நாவலின் கூர்மையான இடம் அடுத்து வருவது. 'பூதம்' நடமாடுகிறது என்ற பயத்தில், பெரியவர்கள் உலகத்திலிருந்து ஓர் அடையாளமாவது வராதா என்று பிள்ளைகள் ஏங்குகிறார்கள். அன்றிரவே வருகிறது: வான்சண்டையில் செத்த வீரனின் உடல், பாராசூட்டோடு மலையில் இறங்குகிறது. காற்று இழுக்கும்போதெல்லாம் அது எழுந்து தலை கவிழ்கிறது. அதையே பூதம் என்று நம்பி ஓடுகிறார்கள். உண்மையைக் கண்டறிந்து சொல்ல வந்த சைமன் என்ற சிறுவனை ஆட்டவெறியில் அடித்துக் கொல்கிறார்கள்.

சங்கு, பிக்கி என்ற சிறுவனின் கண்ணாடி போன்ற குறியீடுகளைப் பற்றி நிறையவே எழுதியாகிவிட்டது. முடிவில் ரால்ஃபைப் பிடிக்க ஜாக்கின் கூட்டம் வைத்த காட்டுத்தீயைப் பார்த்துக் கடற்படை அதிகாரி ஒருவர் கரையேறுகிறார். பிரிட்டிஷ் பையன்கள் இப்படி நடக்கலாமா என்று குறைபட்டுக்கொள்கிறார். அவர் வந்த கப்பலும் ஆள்வேட்டைக்குப் புறப்பட்டதுதான்.

இந்த நாவலுக்கு மறுப்பாக, 1965-இல் ஆட்டா தீவில் ஒதுங்கிய டோங்கா நாட்டுச் சிறுவர் ஆறு பேரைக் காட்டுவதுண்டு. ஓராண்டுக்கு மேல் அணையாமல் தீயைக் காத்து, காலொடிந்த ஒருவனுக்குக் கட்டுப்போட்டு, ஆறு பேரும் உயிரோடு மீண்டார்கள். அவர்கள் விடுதிப் பள்ளி பிடிக்காமல் படகேறி ஓடியவர்கள். பின்னால் போர் எதுவும் இல்லை. தேர்வுக்கான அந்தப் பழைய விடை தவறு என்பதற்கு அந்த ஆறு பேரே போதும்; கோல்டிங்கின் நாவல் அதனால் பொய்த்துவிடவில்லை.