நாப்கினுக்கு வரி போயிடுச்சு. அப்புறம்?



சோப்பு, அரிசி, தயிர்னு வீட்டுச் சாமான் எதுக்கு வரி போட்டாலும் நம்ம வாட்ஸப் குரூப்புகளில் இரண்டு நாள் புயல் அடிக்கும். மூணாவது நாள் வேற செய்தி வந்துடும். ஒரு பொருள் விஷயத்தில் மட்டும் அந்தப் புயல் ஒரு வருஷம் தாண்டியும் ஓயல. சானிட்டரி நாப்கின்.

(ஆண்களும் படிங்க. உங்களுக்கும் சேர்த்துதான்.)

2017 மே மாதம் ஜிஎஸ்டி விகிதப் பட்டியல் வந்தது. குங்குமம், பொட்டு, வளையலுக்கு வரி இல்லை. நாப்கினுக்கு 12 சதவீதம். குங்குமம் வைக்கிறது நம்ம விருப்பம். மாதவிடாய் யார் விருப்பத்தைக் கேட்டு வருது?

கோபம் வந்தது. வரணும்தானே. லட்சக்கணக்கானவர்கள் இணையத்தில் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். குவாலியர் மாணவிகள் நாப்கின் மேலேயே எழுதி பிரதமருக்கு அனுப்பும் இயக்கத்தை ஆரம்பித்தார்கள். டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தபோது, 31 பேர் கொண்ட ஜிஎஸ்டி கவுன்சிலில் ஒரு பெண்கூட இல்லையா என்று நீதிபதிகள் கேட்டார்கள்.

அரசு சொன்ன பதில் முக்கியமானது. கலால் வரி, வாட் எல்லாம் சேர்த்து ஏற்கெனவே 13.68 சதவீதம் இருந்தது, இப்போ குறைச்சிருக்கோம் என்றார்கள். கணக்கு சரிதான். ஆனா அதுவரை அந்த வரி விலைக்குள்ள ஒளிஞ்சிருந்தது. யாருக்கும் தெரியல. பட்டியலில் வளையலுக்குப் பக்கத்தில் பார்த்ததும்தான் சுருக்குன்னு குத்துச்சு.

கடைசியில் 2018 ஜூலை 21 அன்று கவுன்சில் வரியை நீக்கியது. 27ஆம் தேதி முதல் அமல்.

"வரி போயிடுச்சே சார், பாக்கெட் விலை ஏன் 12 சதவீதம் குறையல?"னு எங்க வார்டு செவிலியர் கேட்டாங்க. காரணம் இதுதான். நாப்கின் செய்யத் தேவையான ஃபிலிம், பசை, ஈரத்தை உறிஞ்சும் பொருளுக்கெல்லாம் வரி இருக்கு. நாப்கினுக்கு வரி இருந்தவரை கம்பெனி அந்தப் பணத்தை அதில் கழித்துக்கொண்டது. வரி பூஜ்ஜியம் ஆனதும் கழிக்க இடமில்லை. அது அடக்க விலையில் ஏறிடுச்சு. 40 ரூபாய் பாக்கெட்டில் 12 சதவீத வரி என்பது 4 ரூபாய் சொச்சம். அதிலும் ஒரு பகுதிதான் மிஞ்சும்.

இப்ப நான் பார்க்கிற விஷயத்துக்கு வர்றேன்.

எங்க ஓபிக்கு வரும் பல பெண்கள் வாழ்க்கையில் நாப்கின் வாங்கியதே இல்லை. வாங்காத பொருளுக்கு வரி போனா என்ன, வந்தா என்ன? அவங்க துணிதான். துணி தப்பே இல்லை. சோப்பு போட்டு அலசி, நல்ல வெயிலில் காயவெச்சா தாராளமா பயன்படுத்தலாம். ஆனா வெயிலில் போட்டா நாலு பேர் பார்ப்பாங்களே! அதனால அது மாட்டுக்கொட்டகை இருட்டில், இன்னொரு புடவைக்கு அடியில், ஈரம் போகாமல் கிடக்கும். அரிப்பும் புண்ணுமா வந்து நிப்பாங்க. வெயிலுக்கு ஜிஎஸ்டி கிடையாது. வெட்கம்தான் வரி வசூலிக்குது.

நம்ம தமிழ்நாட்டில் 2012லேயே 'புதுயுகம்' திட்டம் வந்துடுச்சு. கிராமப்புற வளரிளம் பெண்களுக்கு, அரசு மருத்துவமனையில் பிரசவிக்கும் தாய்மார்களுக்கு, சிறையில் இருக்கும் பெண்களுக்கு நாப்கின் இலவசம். 12 சதவீதத்துக்குக் கொதித்த நாம, மகள் படிக்கிற பள்ளியில் அது ஒழுங்கா வருதான்னு ஒரு தடவை கேட்டிருக்கோமா? கழிப்பறையில் தண்ணி வருதா, போட்ட நாப்கினை எங்க போடுதுங்க பிள்ளைங்க? பெற்றோர் கூட்டத்தில் மார்க் பத்தி மட்டும்தான் பேசுறோம்.

இன்னொண்ணு, இதுதான் என்னை எழுத வெச்சது. தேசிய குடும்பநல ஆய்வின்படி (2019–21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. சாப்பாட்டுக் குறை பெரிய காரணம். கூடவே, மாசாமாசம் அதிகமா ரத்தம் போறதை வெளியே சொல்லாததும் ஒரு காரணம். படி ஏற மூச்சு வாங்குதுன்னு வரும் பிள்ளைக்கு ஹீமோகுளோபின் 5 இருக்கும். அம்மாவைக் கேட்டா, "எனக்கும் இப்படித்தான் சார் போகும், வயசுக்கு வந்த பிள்ளைன்னா அப்படித்தானே"ம்பாங்க.

அப்படி இல்லம்மா.

7 நாளுக்கு மேல் போனாலோ, ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் முழுசா நனைஞ்சாலோ, ஒரு ரூபாய் காசை விடப் பெரிய கட்டியா போனாலோ கூட்டிட்டு வாங்க. தைராய்டு இருக்கலாம். ரத்தம் உறைவதில் பிறவிக் குறை இருக்கலாம். பெரும்பாலும் மருந்திலேயே கட்டுப்படுத்திடலாம். துணியா நாப்கினாங்கிறது அடுத்த பேச்சு. அரசு மருத்துவமனையில் ஓபி சீட்டுக்குக் காசு கிடையாது. அப்பாவும் கூட வரலாம்.