மணலில் ஏறும் படகுக்கு எஞ்சின் பொருத்துதல்: மாமல்லபுரம் கரையோரத் தொழில்நுட்பம்

கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை நீளும் செங்கல்பட்டு மாவட்டக் கரையில் மீன்பிடிப் படகுகள் தண்ணீரில் கட்டப்பட்டு நிற்பதில்லை. மணலில் ஏற்றி நிறுத்தப்படுகின்றன. பெரிய மீன்பிடித் துறைமுகங்கள் வடக்கே காசிமேட்டிலும் தெற்கே புதுச்சேரியிலும் இருக்க, இடைப்பட்ட நெம்மேலி, தேவனேரி, மாமல்லபுரம், கொக்கிலமேடு ஆகிய ஊர்களின் ஃபைபர் படகுகள் கரையோரம் உடையும் அலையைக் கடந்து கடலுக்குப் போய், அதே அலையைக் கடந்து திரும்பிவந்து, ஆட்களாலோ டிராக்டராலோ மேட்டுக்கு இழுக்கப்படுகின்றன. ஆகவே படகின் அடிக்குக் கீழே நிலையாகத் தொங்கும் உறுப்பு எதுவாயினும், அது புரொப்பல்லர் ஆனாலும் சுக்கான் ஆனாலும், முதல் நாளே மணலில் மோதி வளைந்துவிடும். இக்கரையில் எஞ்சின் பொருத்தும் ஃபிட்டர்களின் வேலைமுறை முழுவதும் இந்த ஒரு நிபந்தனையிலிருந்தே தொடங்குகிறது.

கட்டுமரத்துக்கு இச்சிக்கல் இருந்ததில்லை. இலேசான மரங்களைக் கயிற்றால் பிணைத்த அக்கலத்தைத் துடுப்பாலும் பாயாலும் செலுத்தினர். கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே தூக்கிச் செல்லவும் முடிந்தது. எஞ்சின் வந்த பிறகே கரையும் இயந்திரமும் முரண்படத் தொடங்கின. அம்முரணைத் தீர்க்க முறையாக முயன்றவற்றுள் குறிப்பிடத்தக்கது, ஐக்கிய நாடுகள் உணவு வேளாண்மை அமைப்பின்கீழ் 1979இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டமாகும். நார்வே நாட்டுப் படகு வடிவமைப்பாளர் ஓய்விண்ட் குல்பிரண்ட்சன் உள்ளிட்டோர் 1980களில் அத்திட்டத்துக்காகக் கரையேறு படகுகளை உருவாக்கியபோது, சிறிய டீசல் எஞ்சினையும், புரொப்பல்லரைச் சுழற்றும் தண்டான ஷாஃப்டையும் ஒரே அலகாகச் சாய்க்கக்கூடிய அமைப்பு ஒன்றையும் வகுத்தனர். ஷாஃப்ட் வெளியேறும் துளையில் நெகிழும் ரப்பர் உறையைப் பொருத்தியதால், புரொப்பல்லரை மேலே தூக்கினாலும் படகுக்குள் தண்ணீர் புகவில்லை. பொறியியல் நோக்கில் அது நேர்த்தியான தீர்வே. ஆனால் படகின் உடலை அதற்கென்றே வடிவமைக்க வேண்டியிருந்தது. எந்தப் படகிலும் மாட்டவும் கழற்றவும் கூடிய எளிமை அதற்கு இல்லை.

அந்த எளிமை இருந்தது, தாய்லாந்துக் கால்வாய்ப் படகுகளால் உலகறிந்த நீள்வால் அமைப்புக்குத்தான். ‘லாங் டெயில்’ என்றே இங்கும் அழைக்கப்படும் இதில், எஞ்சினும் அதிலிருந்து பின்னோக்கி நீளும் ஷாஃப்டும், ஷாஃப்டின் முனையிலுள்ள புரொப்பல்லரும் ஒரே தாங்கியின்மேல் அமர்ந்து, பக்கவாட்டிலும் மேல்கீழாகவும் அசைகின்றன. படகின் அடியில் துளை இல்லை. தனியாகச் சுக்கானும் இல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் நிவாரணமாக ஃபைபர் படகுகள் பெருமளவில் வழங்கப்பட்டுக் கட்டுமரங்கள் குறைந்ததும், இத்தகைய மாட்டிக் கழற்றும் எஞ்சின்களின் தேவை பெருகியது.

சுக்கான் இல்லாமை குறையன்று. சுக்கான் என்பது ஓடும் நீரை ஒருபுறம் திருப்பி, அதன் எதிர்விசையால் படகைத் திருப்பும் தகடு. படகு நின்றுவிட்டாலோ பின்னிருந்து வரும் அலை அதன் வேகத்துக்கே உடன் ஓடினாலோ, தகட்டைக் கடக்கும் நீர் இல்லாமையால் அது செயலிழந்துவிடும். நீள்வாலிலோ உந்துவிசையின் திசையே திருப்பப்படுகிறது: கைப்பிடியை இடப்புறம் தள்ளினால் வால் வலப்புறம் போகிறது, படகின் பின்பகுதி இடப்புறம் உந்தப்படுகிறது, முகப்பு வலப்புறம் திரும்புகிறது. இதற்குப் படகு ஓடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அலை உடையும் பகுதியில் ஒரு கணம் படகு குறுக்கே திரும்பினாலும் கவிழும் என்பதால், நின்ற நிலையிலும் திருப்பக்கூடிய இந்தத் திறனே மீனவரின் உயிர்க்காப்பு. கைப்பிடியைக் கீழே அழுத்தினால் புரொப்பல்லர் நீரைவிட்டு எழும். மணல் தட்டுவதற்குச் சற்று முன் செய்ய வேண்டிய இந்த அசைவைத் தவறவிட்டால் ஷாஃப்ட் வளையும். அதே சமயம், கியர்ப்பெட்டி இல்லாத எளிய நீள்வாலால் பின்னோக்கிச் செல்ல இயலாது என்பதும் உண்மை.

இவ்வமைப்பின் நுணுக்கங்களை விளங்கிக்கொள்ள, இதற்கு நேர் எதிரான ஒரு கலத்தை அருகில் வைத்துப் பார்ப்பது பயனளிக்கும். ரிமோட்டால் இயங்கும் பந்தய மாதிரிப் படகு, முட்டுக்காடு உப்பங்கழி போன்ற அலையற்ற நீரையே விரும்புவது. அதில் பின்னிய எஃகுக் கம்பியே ஷாஃப்டாக, கிரீஸ் பூசிய பித்தளைக் குழாய் வழியே சென்று, படகின் பின்சுவரில் பதித்த தாங்குகாலைக் கடந்து புரொப்பல்லரைச் சுழற்றுகிறது. சுமை ஏறும்போது அக்கம்பி முறுக்கேறிச் சற்றுக் குறுகும் என்பதால், புரொப்பல்லரைப் பற்றும் கவ்விக்கும் தாங்குகாலுக்கும் இடையே சில மில்லிமீட்டர் இடைவெளி விடப்படுகிறது. அமெரிக்கப் பந்தயங்களில் நீள்வட்டத் தடத்தைக் கடிகாரமுள் திசையிலேயே சுற்றுவதால், வளைவுகள் யாவும் வலப்பக்கமாக அமைய, சுக்கானையும் வலப்புறம் தள்ளிப் பொருத்துவது வழக்கம். புரொப்பல்லர் பாதி நீரிலும் பாதி காற்றிலுமாகச் சுழல்வதால், நீரிலுள்ள இறகு படகின் பின்பகுதியை ஒரு பக்கமாக இழுக்கிறது. அதைத் திருகாணியால் நுண்ணிதாகச் சரிசெய்கின்றனர். அதே பக்கவாட்டு இழுப்பு நீள்வாலிலும் உண்டு. ஆனால் இங்கே அதைத் தாங்குவது கைப்பிடியைப் பற்றியிருப்பவரின் தோள்தான்.

ஷாஃப்டின் சாய்வு இரண்டுக்கும் பொதுவான கேள்வி. புரொப்பல்லரின் உந்துவிசை ஷாஃப்டின் நீளவாட்டத்திலேயே செல்வதால், ஷாஃப்ட் 15 பாகை சாய்ந்திருந்தால் விசையில் ஏறத்தாழ 97 விழுக்காடு படகை முன்னே தள்ளப் பயன்படும். 30 பாகையானால் அது 87 விழுக்காடாகக் குறைந்து, பாதி அளவு விசை படகின் பின்பகுதியை மேலே தூக்குவதில் செலவாகி, முகப்பை நீரில் அமுக்கும். அலையை எதிர்கொள்ளும் படகுக்கு அமுங்கிய முகப்பு ஆகாது. சாய்வைக் குறைக்க ஷாஃப்டை நீட்ட வேண்டும். நீட்டினால் அதிர்வு கூடும். வால் ஏன் அவ்வளவு நீளம் என்று கேட்கும் சுற்றுலாப் பயணிக்குரிய விடை இந்தச் சமரசத்தில் உள்ளது.

அதிர்வைக் கட்டுப்படுத்தும் வேலையே ஃபிட்டரின் திறமையை உரைத்துப் பார்க்கும் இடம். எஞ்சினையும் ஷாஃப்டையும் இணைக்கும் கப்ளிங்கின் இரு வட்டத் தகடுகளும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கின்றனவா என்று அறிவதைச் ‘சென்டர் பார்ப்பது’ என்பர். தகடுகளுக்கிடையே ஹேக்சா பிளேடைச் செருகி, அது எவ்வளவு இறுக்கமாகப் போகிறது என்று விரலால் உணர்ந்து, ஷாஃப்டைக் கால் சுற்று திருப்பி மீண்டும் செருகிப் பார்க்க வேண்டும். நான்கு பக்கமும் ஒரே இறுக்கம் கிடைக்கும்வரை எஞ்சினின் அடியில் தகட்டுத் துண்டுகளை வைத்தும் எடுத்தும் நட்டுகளை முறுக்க வேண்டும். இதன் பின்னரும் ஷாஃப்டின் முனையைப் பிடித்து அசைத்துப் பார்த்து, ‘ஆட்டம்’ இருந்தால் முனையிலுள்ள புஷ், அதாவது ஷாஃப்ட் சுழலும் உலோக உறை, தேய்ந்துவிட்டது என்று முடிவு செய்கின்றனர். அலையடியில் கலங்கிய நீரோடு வரும் மணல் கிரீஸில் ஒட்டிக்கொண்டு உப்புத்தாள்போல் அறுப்பதால், புஷ் இக்கரையில் நெடுநாள் உழைப்பதில்லை. வளைந்த ஷாஃப்டைக் கடற்கரையில் நிமிர்த்த இயலாது. அதற்கு லேத்துப் பட்டறைக்குப் போயாக வேண்டும். நீரிறைக்கும் எஞ்சினும் படகு எஞ்சினும் பெரும்பாலும் ஒரே இனம் என்பதால், உழவரின் மெக்கானிக்கே மீனவருக்கும் மெக்கானிக்காக அமைவது இயல்பு.

புரொப்பல்லரைத் தேர்வதிலும் ஒரு கணக்கு உண்டு. ஒரு சுற்றுக்கு எவ்வளவு முன்னேற வேண்டும் என்பதைப் ‘பிட்ச்’ குறிக்கிறது. 6 அங்குலப் பிட்ச் நிமிடத்துக்கு 1500 சுற்றுச் சுழன்றால் கணக்குப்படி மணிக்கு ஏறத்தாழ 13.7 கிலோமீட்டர் செல்ல வேண்டும்; நீர் நழுவுவதால் உண்மையில் அதைவிடக் குறைவாகவே செல்லும். பிட்ச் மிகுந்தால் வலை ஏற்றிய படகை இழுக்க எஞ்சின் திணறும்; குறைந்தால், எஞ்சின் எளிதில் ‘ரேஸ்’ ஆகும், அதாவது போதிய சுமையின்றி வெறிகொண்டு சுழலும்.

இத்தனை நுட்பமும் கூடிய அமைப்பில் கவலைக்குரிய ஒன்று உள்ளது. திறந்த நிலையில் சுழலும் கப்ளிங்குக்கு அருகிலேயே, லுங்கி கட்டிய கால்களும் வலைக்கயிறும் நனைந்த துண்டும் இருக்கின்றன. துணி ஒருமுறை சுற்றிக்கொண்டால் கையை விலக்க நேரம் கிடைக்காது. ஒரு தகட்டு மூடியும், கைப்பிடி நழுவினால் எஞ்சினைத் தானாக நிறுத்தும் ஒரு கயிற்று விசையும் இருந்தால் போதும். எஞ்சின் வாங்க மானியம் அளிக்கும் அரசுத் திட்டங்கள், இவ்விரண்டும் இல்லாத எஞ்சினுக்கு மானியம் இல்லை என்று விதி செய்ய வேண்டும்.