பேர் நிறத்துக்கு, பாடு நிழலுக்கு

அம்பத்தூரிலிருந்து ஆவடி வரை சி.டி.எச். சாலைச் சுவர்களைப் பார்த்துக்கொண்டே போகிறவருக்குச் சுவர் விளம்பரம் என்பது வண்ணக் கூத்தாகத்தான் தெரியும். எழுதுகிறவர்களின் கையைக் கவனித்தால் எனக்கு வேறொன்று தெரிகிறது. வெள்ளையடித்து, நூலடித்துக் கோடு போட்ட பிறகு அவர்கள் யோசிப்பது எந்த நிறம் என்பதைப் பற்றியல்ல, எது எதைவிட இருட்டு என்பதைப் பற்றி. வெள்ளைச் சுவரில் மஞ்சள் எழுத்துக்குக் கறுப்பில் அவுட்லைன் போட்டே தீரவேண்டும். நீல எழுத்து அது இல்லாமலே நிற்கும். டி.வி. திரைக் கணக்கில் வெள்ளையின் வெளிச்சத்தில் பச்சையின் பங்கு சுமார் 72 சதவீதம், சிவப்பு 21, நீலம் வெறும் 7. சிவப்பும் பச்சையும் சேர்ந்த மஞ்சள், அதனால், வெள்ளைக்குப் பக்கத்து வீடு. நீலம் கறுப்புக்குப் பக்கம். ஆவடி ரயில் நிலையப் பலகையில் மஞ்சள் மேல் கறுப்பு எழுத்து அவ்வளவு தூரத்திலிருந்தே படிக்க முடிவதும் இதனால்தான்.

அமெரிக்க ஓவியர் ஆல்பர்ட் மன்செல் 1905இல் வெளியிட்ட நூலில் வண்ணத்தை மூன்றாகப் பிரித்தார்: நிறம், அதன் வெளிச்சம், அதன் அடர்த்தி. வெளிச்சத்துக்குக் கறுப்பிலிருந்து வெள்ளை வரை 0 முதல் 10 என்று படிகள் வைத்தார். நம்முடைய சினிமா பேனர்க்காரர்கள் மன்செலைப் படிக்காமலே அந்தப் பிரிவினையைத் தொழிலாகச் செய்தவர்கள். அவர்கள் கைக்கு வந்தது பெரும்பாலும் கறுப்பு வெள்ளை ஸ்டில். அதன்மேல் கட்டம் போட்டு, துணியில் அதே கட்டத்தைப் பெரிதாக்கி, முகத்தை ஏற்றுவார்கள். இருட்டும் வெளிச்சமும் ஸ்டில்லிலிருந்து வந்தன. நிறம் ஓவியரின் இஷ்டம். கன்னத்தில் ரோஸ், தாடையடியில் பச்சை, மூக்கோரம் நீலம். உலகத்தில் எந்த மனிதனுக்கும் இல்லாத தோல் அது. ஆனாலும் அம்பத்தூர் ராக்கியிலோ பூந்தமல்லி பகவதியிலோ படம் பார்க்க வந்த யாருக்கும் அது எம்.ஜி.ஆரா சிவாஜியா என்ற சந்தேகம் வந்திருக்காது. நிழல் விழவேண்டிய இடத்தில் விழுந்துவிட்டால் முகம் முகமாகிவிடுகிறது. என் வாதத்துக்கு இதைவிட வலுவான சாட்சி வேண்டியதில்லை.

ஆவடியில் இதே அறிவு தலைகீழாகவும் பயன்படுகிறது. 1965இல் முதல் விஜயந்தா வெளிவந்த கனரக வாகனத் தொழிற்சாலையின் டாங்கிகளில் திட்டுத்திட்டாகப் பூசப்படும் வண்ணத்துக்கு, உருவம் கண்ணில் படாமல் உடைந்து போவதே நோக்கம். பேனர் ஓவியர் தட்டையான துணியில் நிழலை வைத்து உருவத்தை எழுப்புகிறார். டாங்கிக்குப் பெயிண்ட் அடிப்பவர் எழுந்து நிற்கும் இரும்பைத் தட்டையாக்கப் பார்க்கிறார்.

நிறம் முக்கியமில்லை என்றால் கட்சிக்கொடி எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. யாருடைய சுவர் என்று சொல்வது நிறம்தான். ஆனால் அங்கே என்ன எழுதியிருக்கிறது என்பதைப் படிக்க வைப்பது நிறமல்ல. தி.மு.க. கொடியின் கறுப்பும் சிவப்பும் ஒன்றுக்கொன்று வெளிச்சத்தில் அதிகம் விலகாதவை. கறுப்புப் பட்டையில் சிவப்பு எழுத்து எழுதினால் தொலைவில் மங்கிப்போகும். நடுவே வெள்ளைக் கோடு ஒன்று ஓடினால்தான் பிழைக்கும். இன்னொரு மறுப்பு: ஃப்ளெக்ஸ் மெஷின் போட்டோவின் இருட்டையும் வெளிச்சத்தையும் அப்படியே அச்சடிக்கிறதே? அடிக்கிறது, அதுதான் கோளாறு. கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கிற போட்டோவில் நூறு நுணுக்கமான படிகள் இருக்கும். பஸ்ஸில் போகிறவருக்கு அவை எல்லாம் ஒரே சாம்பல். பேனர்க்காரர் அவற்றை இருட்டு, நடு, வெளிச்சம், கடைசியாக ஹைலைட் என்று நாலாக வெட்டிக்கொள்வார். பிறந்தநாள் ஃப்ளெக்ஸில் தலைவரைச் சுற்றித் தபால்தலை அளவில் முப்பது முகங்கள். அந்த முப்பது பேரைத் தவிர வேறு யார் அதைப் படிக்கிறார்கள்?

கம்ப்யூட்டரிலும் அந்த நாலு படியை வெட்டலாம், மெஷின்மேல் எனக்குப் பகையில்லை. பகை, வேலையைச் சதுர அடியில் அளக்கும் ஏஜென்ட்டின் மேல். சதுர அடியில் பரப்பு வரும், பெயிண்ட் செலவு வரும். பின்னால் தள்ளி நின்று, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, நிழல் போதாது என்று திரும்பவும் சாரம் ஏறுகிற நேரம் வராது. அந்த நேரத்தில்தான் தொழிலே இருக்கிறது. அதற்குக் காசு இல்லையென்று தெரிந்த பையன் நிறத்தை அப்பிவிட்டு அடுத்த சுவருக்குப் போகிறான். அவனைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. விளம்பரம் கொடுக்கிறவர்களாவது பேரம் பேசும்போது ஷேடுக்கும் அவுட்லைனுக்கும் தனிக்கூலி என்று எழுதிவைக்கலாம், அதுவும் ஏஜென்ட் கையில் அல்லாமல் எழுதுகிறவர் கையில்.