சீற்றை இறக்கிய கதை

படுவான்கரையில் எத்தனையோ வீடுகளில் ஆண்கள் இல்லாமற் போன பின்னும் அவர்களுடைய சைக்கிள்கள் நின்றன. விற்கவும் மனம் வராது, மற்றவர்களுக்குக் கொடுக்கவும் மனம் வராது. எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று நின்றது. இருபத்தாறு அங்குலச் சில்லு, குறுக்கே பார், கம்பிப் பிறேக். 2006இல் அவர் வேலைக்குப் போன அன்று பஸ்ஸில் போனார். சைக்கிள் வீட்டில் நின்றது. அவர் திரும்பவில்லை.

2007 மார்ச்சில் இடம்பெயர்ந்தபோது பாயையும் அரிசியையும் அதில் கட்டி உருட்டிக்கொண்டுதான் வாவியைக் கடந்தோம். ஓடவில்லை, உருட்டினோம். மீளக் குடியமர்ந்த பிறகு நான் தயிர் விற்கத் தொடங்கினேன். மண்முனையில் அப்போது பாலம் இல்லை. 2014இல்தான் பாலம் திறந்தார்கள். அதற்கு முன் துறைக்குப் போய், பாதை வரும்வரை நின்று ஏறவேண்டும். தயிர்ச் சட்டிகளைத் தலையில் சுமந்து நடந்தால் முதற் பாதை போய்விடும், வெயிலும் ஏறிவிடும்.

அவர் நல்ல உயரம். அந்த சீற்றில் நான் ஏறினால் கால் பெடலைத் தொட்டும் தொடாமலும் தொங்கும். சைக்கிள் கடைக்கு உருட்டிக்கொண்டு போனேன்.

“தங்கச்சி, இத வித்துப்போட்டு லேடீஸ் சைக்கிள் ஒண்டு எடுங்க” என்றார் கடைக்காரர்.

“இத வித்த காசுக்கு லேடீஸ் சைக்கிள் வருமா அண்ணன்?”

அவர் சிரித்துவிட்டு ஸ்பனரை எடுத்தார்.

முதலில் பாருக்கு இரண்டு பக்கமும் கால் வைத்து நிற்கச் சொன்னார். உடம்புக்கும் பாருக்கும் இடையில் இரண்டு விரல் இடைவெளியாவது வேண்டும். செருப்போடு எனக்கு மட்டுமட்டாக வந்தது. மற்றதெல்லாம் மாற்றலாம், பாரின் உயரத்தை மட்டும் மாற்ற முடியாது. பக்கத்து வீட்டு மச்சாளுக்கு அந்த இடைவெளி வரவில்லை. திடீரென நிறுத்தினால் அடிபடும் என்று சொல்லி, அவள் தன்னுடையதை ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் சின்னச் சைக்கிளுக்கு மாற்றிக்கொண்டாள்.

அடுத்தது சீற். இரண்டு பாதமும் தரையில் முழுதாக ஊன்றும் அளவுக்கு இறக்கினால் நல்லது என்றுதான் பெண்கள் நினைப்போம். அப்படி இறக்கினால் முழங்கால் எப்போதும் மடங்கியே இருக்கும். மிதிக்கப் பலம் வராது, நாளடைவில் முழங்கால் நோகும். ஒருவரைப் பிடிக்கச் சொல்லிவிட்டு ஏறி இருங்கள். பெடல் கீழே இருக்கும்போது குதிக்காலை அதில் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதித்தால் முழங்கால் கொஞ்சம் மடங்கும். அதுதான் அளவு. நிற்கும்போது விரல் நுனி தரையில் பட்டாற் போதும்.

ஹான்டில் இன்னும் எட்டவில்லை. சீற்றுக்குக் கீழே உள்ள பிடியைக் கழற்றி முன்பின்னாக மாற்றிப் பூட்டினார். சீற் முன்னுக்கு வந்துவிட்டது. பிறகு ஹான்டில் நட்டை இளக்கி, மேலே பலகைத்துண்டு வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு. ஹான்டில் இறங்கிவிட்டது. ஆனால் கம்பிப் பிறேக் உள்ள சைக்கிளில் ஹான்டிலை இறக்கினால் பிறேக் தளர்ந்துவிடும். கம்பிகளையும் சரிசெய்ய வேண்டும். அதை மறந்தால் துறை இறக்கத்தில் நேரே வாவிக்குள்தான்!

சீற்றை இறக்குவதுதான் வீட்டில் பெரிய பிரச்சினை ஆனது. “அவன் வந்தா என்ன சொல்லுவான்? ஆர்ர சைக்கிளில ஆர் கை வைக்கிற?” என்று மாமி அழுதார். எனக்கும் அந்தக் கேள்வி இருந்தது. சீற்றைத் தாங்கும் குழாயில் அவருடைய உயரத்துக்கு ஒரு துரு வளையம் இருந்தது. அது உள்ளே போய் மறைந்தபோது நெஞ்சு அடைத்தது. நான் அங்கிருந்தே கடைக்காரரிடம் சொல்லி, அந்த இடத்திலிருந்து மேலே எத்தனை விரல் என்று அளந்து, சட்டத்தின் அடியில் அரத்தால் கோடு போடச் செய்தேன். மாமியிடம் கோடுகளைக் காட்டி, வந்தால் அந்த அளவுக்கு உயர்த்தலாம் என்றேன். அவர் எண்ணிப் பார்த்தார். நாலு கோடு. அடுத்த நாள் விடிய தயிர்ச் சட்டிகளைக் கட்டக் கயிறு கொண்டுவந்து தந்தவர் அவர்தான்.

ஆண்கள் சைக்கிளில் ஒரு பெண்ணா என்று சந்தியில் சிலர் சிரித்தார்கள். தமிழ்நாட்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தோடு சேர்த்துக் கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓடப் பழகினார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் பலர் பார் வைத்த சைக்கிளையே ஓடினார்கள். பாரில் பிள்ளையை இருத்தலாம் என்பதால் சிலருக்கு அதுவே விருப்பமாம். என் மகளும் அந்தப் பாரில் இருந்துதான் பள்ளிக்கூடம் போனாள். சாறியோடு ஓடுவது கஷ்டம், நான் சட்டைக்கு மாறினேன். அதற்கும் கதைத்தார்கள்.

உங்கள் வீட்டுச் சைக்கிளின் நட் இறுகிப் போயிருந்தால் அடித்து உடைக்காதீர்கள். மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு இரவு விடுங்கள். வாவிக் காற்று உப்புக் காற்று. வருடத்துக்கு ஒருமுறையாவது சீற்றுக் குழாயைக் கழற்றிக் கிறீஸ் பூசுங்கள். இல்லாவிட்டால் மகள் வளர்ந்து சீற்றை உயர்த்தப் போகும்போது அது அசையாது.