தொலைந்த சுத்தியல்

மெட்டல் டிடெக்டர் வாங்கிக்கொண்டு வயல்வெளியெல்லாம் சுற்றப்போகிறேன் என்கிறாய். நல்ல பொழுதுபோக்குதான், பேராண்டி. காலுக்கு நடை, காதுக்கு வேலை. முக்கால்வாசி நேரம் சோடா மூடியும் துருப்பிடித்த ஆணியும்தான் அகப்படும்; அதில் சலிக்காதவனுக்கே இது சரிப்படும். ஆனால் என்றாவது ஒருநாள் கருவி விடாமல் கத்தும். அப்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்க உன்னால் முடியுமா?

எரிக் லாஸ் நின்றார். இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்துக்காரர். அவருடைய டிடெக்டர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது பரிசாக வந்தது. 1992 நவம்பரில், ஹாக்ஸ்ன் கிராமத்து வயலில் நண்பர் தொலைத்த சுத்தியலைத் தேடிப் போனார். வெளிப்பட்டதோ வெள்ளிக் கரண்டிகளும் பொற்காசுகளும்! கொஞ்சம் எடுத்துப் பார்த்தவர், அதற்குமேல் தோண்டவில்லை. நிலத்துக்குச் சொந்தமான மாவட்ட நிர்வாகத்துக்கும் போலீசுக்கும் சொல்லி அனுப்பினார். மறுநாளே தொல்லியலாளர்கள் வந்துவிட்டார்கள்.

அவர் அள்ளியிருந்தால் என்ன போயிருக்கும்? காசு போயிருக்காது. எது எதன்மேல் இருந்தது, எதில் பொதிந்து வைத்தார்கள் என்பதெல்லாம் போயிருக்கும். மரப்பெட்டி மக்கிப்போனாலும் கீல்களும் சின்னஞ்சிறு வெள்ளிப் பூட்டுகளும் இருந்த இடத்திலேயே இருந்தன. அதை வைத்துத்தான், ஒரு ரோமானியக் குடும்பம் தன் செல்வத்தை எப்படி அடுக்கிப் புதைத்தது என்று இன்று சொல்ல முடிகிறது. சுமார் 15,000 காசுகள். வெள்ளி மிளகுச் சிமிழ்கள் நான்கு. அந்தக் காலத்தில் மிளகு நம் மேற்குக் கரையிலிருந்து கப்பலேறிய சரக்கு. கண்டதைச் சொன்னதற்குக் கிடைத்த பரிசுத்தொகை 17.5 லட்சம் பவுண்டு. அதிலும் நண்பருக்குப் பங்கு கொடுத்தார் லாஸ். சுத்தியலும் கிடைத்தது. அதுவும் இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில்!

2015இல் அதே இங்கிலாந்தின் ஹெரஃபோர்ட்ஷயரில் வைக்கிங் காலப் புதையலைக் கண்டவர்கள் வேறு வழியில் போனார்கள். யாருக்கும் சொல்லாமல் விற்கத் தொடங்கினார்கள். 2019இல் ஜெயிலுக்குப் போனார்கள். முந்நூறு காசுவரை இருந்திருக்கலாம் என்கிறார்கள். மீட்டவை அதில் சிறு பங்குதான். ஆல்ஃபிரட் மன்னர் காலத்து அரசியல் வரலாற்றையே மாற்றி எழுதவைத்த காசுகள் அவற்றில் இருந்தன. மிச்சம் என்ன சொல்லியிருக்குமோ!

நம் நாட்டுச் சட்டம் 1878ஆம் ஆண்டினது. பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது. அதைப் படித்துவிட்டு வா. கருவியின் விலையைப் பிறகு பேசலாம்.