கணவாயின் ஈரல்

2021ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஓர் இரவு, நாற்பது விநாடிக் குரல் பதிவொன்றை அனுப்பி ஒரு மனிதரின் பிழைப்பைக் கெடுத்தேன். கெடுக்க வேண்டுமென்று செய்யவில்லை. நல்லது செய்வதாக நினைத்தே செய்தேன்.

கொரோனாவால் பாடசாலைகள் மூடிக்கிடந்த காலம் அது. பிள்ளைகளுக்கு வட்ஸ்அப்பில்தான் பாடம். மே 20ஆம் திகதி கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலில் தீப்பிடித்தது. 1,486 கொள்கலன்கள். அவற்றில் 81இல் ஆபத்தான பொருட்கள். 25 தொன் நைத்திரிக் அமிலம். பல நாட்கள் எரிந்துவிட்டு ஜூன் 2ஆம் திகதி மூழ்கத் தொடங்கியது. கரையெல்லாம் வெள்ளைப் பிளாஸ்டிக் மணிகள். கடலாமைகள் செத்து ஒதுங்கின. தெல்தோட்டை மலையில் இருந்துகொண்டு இதையெல்லாம் தொலைக்காட்சியில் பார்த்த எனக்கு, விஞ்ஞான ஆசிரியன் என்ற முறையில் ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

“பிள்ளைகள், கொஞ்ச காலத்துக்கு மீன் வேண்டாம் என்று வீட்டில் சொல்லுங்கள். கணவாய் வேண்டவே வேண்டாம். ஈயம், கட்மியம் மாதிரி உலோகங்களை உடம்பில் சேர்த்து வைக்கிற பிராணி அது.”

குரல் பதிவு வகுப்பிலிருந்து உம்மாமாருக்கும், உம்மாமாரிடமிருந்து ஊருக்கும் போனது. மூன்றாம் நாள் காலையில் மீன்கார நானா என் வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். பின்னால் ரெஜிபோம் பெட்டி. பயணத்தடைக் காலத்தில் அனுமதிப் பத்திரம் எடுத்து வீடு வீடாக மீன் விற்றுக்கொண்டிருந்தவர்.

“சேர், நீங்க படிச்ச மனிசன். கப்பல் எரிஞ்சது கொழும்புல. என்ட மீன் வாரது திருகோணமலையிலேந்து. மூணு நாளா கொண்டுவந்த மீன அப்பிடியே திருப்பிக் கொண்டுபோறேன். ஐஸ் காசும் வரல்ல.”

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது வாதாடியிருப்பேன். அவர் கோபப்படவில்லை. போகும்போது ஒரு வார்த்தை சொன்னார்.

“என்ட மகனும் அந்தக் குரூப்புல ஈக்கான் சேர்.”

அந்தப் பையன் ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் படித்துக்கொண்டிருந்தான். வாப்பா விற்கும் மீனைத் தின்னக் கூடாதென்று தன் ஆசிரியரின் குரலிலேயே கேட்டிருக்கிறான்.

ஊர் இப்படிப் பயந்தது அதுவே முதல் தடவையல்ல. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகும் பல வாரங்கள் எங்கள் பக்கம் மீன் விற்கவில்லை. அப்போது ஊரின் பயத்துக்கு நான் காரணமல்ல. இப்போது நான்தான் காரணம்.

அன்றிரவு மூதூரிலுள்ள என் நண்பருக்குத் தொலைபேசி எடுத்தேன். அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் ஒரே விடுதி அறையில் இருந்தவர்கள் நாங்கள். கருவாடும் ரின் மீனும் தின்று வளர்ந்த மலைநாட்டுக்காரன் நான். கணவாயை முதன்முதலில் உயிர்ப்பளபளப்போடு பார்த்தது அவருடைய வீட்டு முற்றத்தில்தான். அவருடைய உம்மா தலையைப் பிடித்து மெதுவாக இழுத்தார். குடலும் மைப்பையும் ஈரலும் ஒரே கோவையாக வெளியே வந்தன. வெள்ளைச் சதை வெறும் உறைபோல அவர் கையில் மிஞ்சியது.

“ஈரல் உடையப் படாது மகன். உடைஞ்சா முழுக்கக் கெட்டுப்போயிரும்” என்றார். வயிற்றுச் சமாச்சாரம் ஒன்றையும் சட்டியில் போடவில்லை. கணவாய் ஓட்டை மட்டும் கழுவி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் காட்டும்படி என்னிடம் தந்தார்.

நான் குரல் பதிவில் சொல்லாமல் விட்டது இந்த ஈரலைத்தான்.

பிறகு உட்கார்ந்து ஒழுங்காகப் படித்தேன். ஓட்டுக்கணவாய், ஊசிக்கணவாய், எட்டுக் கைகளுள்ள பேய்க்கணவாய் எல்லாம் ஒரே குடும்பத்து உறவுகள். மூன்று இதயம், நீல இரத்தம். நம்முடைய இரத்தத்தில் இரும்பு செய்யும் வேலையை அவற்றின் இரத்தத்தில் செம்பு செய்கிறது. ஆகவே உலோகம் அவற்றுக்கு அந்நியமல்ல. கடல்நீரில் மிக மிகச் சிறிய அளவிலுள்ள கட்மியம் நுண்ணுயிர்களில் ஏறி, இறாலிலும் நண்டிலும் ஏறி, அவற்றைத் தின்னும் கணவாய்க்கு வருகிறது. ஒன்றிரண்டு வருடமே உயிர்வாழும் பிராணிதான். அதற்குள் ஏராளமாகத் தின்கிறது. வந்த கட்மியத்தை உடம்பெங்கும் பரவவிடாமல், நாம் ஈரல் என்று சொல்லும் செரிமானச் சுரப்பியில் பிடித்து வைத்துக்கொள்கிறது. சில இனங்களில் உடம்பிலுள்ள கட்மியத்தில் 90 வீதத்துக்கும் மேல் அந்த ஒரு சுரப்பியில்தான். சதையில் உள்ளது மிகக் குறைவு.

இதற்குக் கப்பல் எரிய வேண்டியதுமில்லை. தொழிற்சாலையே இல்லாத தென்கோளத்துக் கெர்கெலென் தீவுகளைச் சுற்றியுள்ள கடலில் பிடித்த கணவாய்களின் ஈரலிலும் கட்மியம் மிகுதியாகவே இருந்தது.

ஐரோப்பிய ஒன்றியம் இதற்கு வரம்பு வைத்திருக்கிறது. குடல் நீக்கிய கணவாயில் ஒரு கிலோவுக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் கட்மியம் இருக்கக் கூடாது. ‘குடல் நீக்கிய’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். இந்தியாவிலிருந்து போன கணவாய்ச் சரக்குகள் இந்த வரம்பைத் தாண்டியதால் ஐரோப்பியத் துறைமுகங்களில் திருப்பப்பட்டதுண்டு. முழுதாக உறையவைத்து மறுபடி இளகவிட்டால் ஈரல் சிதைந்து கட்மியம் சதைக்குள் ஊறிவிடும். பிடித்த கையோடு ஈரல் உடையாமல் எடுத்துவிட வேண்டும் என்பதே அதற்குப் பரிகாரம். மூதூர் உம்மா முற்றத்தில் இருந்துகொண்டு சொன்னதும் அதுதான்.

கணக்கும் போட்டுப் பார்த்தேன். உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் கூட்டிய நிபுணர் குழு 2010இல் சொன்ன அளவின்படி, உடல் எடை ஒரு கிலோவுக்கு மாதம் 25 மைக்ரோகிராம் வரை கட்மியம் உட்கொள்ளலாம். 60 கிலோ ஆளுக்கு அது ஒன்றரை மில்லிகிராம். ஐரோப்பிய வரம்பைத் தொட்டு நிற்கும் கணவாய்ச் சதையென்றால் ஒன்றரைக் கிலோவோடு அந்த மாதத்துப் பங்கு முடிந்துவிடும். சோற்றிலும் மரக்கறியிலும் வருவது வேறு. இரண்டு மாதத்துக்கொரு தடவை அரைக் கிலோ வாங்கி ஆறு பேர் தின்னும் எங்கள் வீடுகளுக்கு இது பயப்படும் கணக்கல்ல. ஆனால் கட்மியம் ஒருமுறை மனிதரின் சிறுநீரகத்தில் தங்கினால் அதில் பாதி வெளியேறவே 10 முதல் 30 வருடம் எடுக்கும். அதனால் ஈரலைத் தின்பது புத்தியல்ல. புகையிலையிலும் கட்மியம் இருக்கிறது. புகைப்பவர் உடம்பில் மற்றவரைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சேர்கிறது. மீன்கார நானாவைத் திருப்பி அனுப்பிய சந்திக் கடைக்காரர்களில் பாதிப்பேர் கையில் சிகரட்டோடுதான் நின்றார்கள்.

இதோடு விட்டிருக்கலாம். ஆனால் அந்த மனிதர் கேட்ட கேள்வி விடவில்லை. கொழும்பு வேறு, திருகோணமலை வேறு என்றார். சரி, தெல்தோட்டை எங்கே இருக்கிறது?

ஜப்பானில் தொயாமா என்றொரு மாநிலம். ஜின்சு ஆற்றின் மேலே மலையில் கமியோக்கா சுரங்கம். அதன் கழிவில் போன கட்மியம் கீழேயுள்ள வயல்களில் படிந்து, நெல்லில் ஏறி, தின்றவர்களின் எலும்பை நொறுக்கியது. வலி தாங்காமல் அவர்கள் கத்தியதால் நோய்க்கு ‘இதாய் இதாய்’ என்றே பெயர் விழுந்தது. வலிக்கிறது, வலிக்கிறது என்று அர்த்தம். காரணம் சுரங்கமே என்று ஜப்பான் அரசு 1968இல் ஏற்றுக்கொண்டது. மேலே இருந்தவன் செய்ததைக் கீழே இருந்தவன் தின்றான்.

நாங்களும் மேலே இருப்பவர்கள்தான். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்ட லூல்கந்துர எங்களுக்குப் பக்கத்து மலை. அன்றிலிருந்து இந்தச் சரிவுகளில் உரம் கொட்டாத வருடம் குறைவு. பொஸ்பேற்றுப் பாறையிலிருந்து செய்யும் உரத்தோடு கட்மியமும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டே வருகிறது. எங்கள் ஓடையில் பழைய டோர்ச் பெட்டரிகளும் கிடக்கின்றன. மறுபடி சார்ஜ் பண்ணும் பழைய பெட்டரிகள் சிலவற்றுக்குள் இருப்பது கட்மியமேதான். ஓடை மகாவலியில் சேர்கிறது. மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி, மூதூருக்குப் பக்கத்தில் கொட்டியாரக் குடாவில் கடலில் விழுகிறது. அந்த உம்மா கணவாய் வாங்கும் கடல் அது. மீன்கார நானாவின் பெட்டிக்கு மீன் வரும் கடலும் அதுவே.

எக்ஸ்பிரஸ் பேர்ளுக்கு 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு விதித்தது. என் குரல் பதிவுக்கு எந்த நீதிமன்றமும் இல்லை. ஆனால் அந்த மனிதரின் ஹக்கு என் கழுத்தில் கிடந்தது. ஹலாலா என்று பத்துப் பேரிடம் விசாரிக்கப் பழகிய நாம், வாயைத் திறக்கும் முன் ‘இது முழு உண்மையா’ என்று ஒருவரிடமும் விசாரிப்பதில்லை. மறுவாரம் அதே குரூப்பில் இன்னொரு பதிவு போட்டேன். நான் சொன்னது பாதி என்றும், பிழை என்னுடையது என்றும் சொன்னேன். முதல் பதிவு போன தூரத்துக்கு அது போகவில்லை. அவருடைய வீட்டுக்கும் போய் மாப்புக் கேட்டேன்.

“அத விடுங்க சேர்” என்றார். தேத்தண்ணீர் தந்தார். வியாபாரம் சீராக இரண்டு மாதம் எடுத்தது என்பதைப் பிறகு வேறொருவர் சொல்லித்தான் அறிந்தேன்.

பாடசாலை திறந்த பிறகு ஒவ்வொரு வருடமும் பத்தாம் வகுப்புக்கு ஒரு கணவாய் கொண்டுபோகிறேன். அவரிடம்தான் வாங்குவது. காசு வேண்டாம் என்பார், கொடுத்துவிடுவேன். மேசையில் கடதாசி விரித்து, தலையைப் பிடித்து மெதுவாக இழுத்து ஈரலைக் காட்டுவேன். சென்ற தடவை ஒரு பிள்ளை கேட்டாள்: “சேர், நாங்க ஓடையில போடுறது மூதூருக்குப் போய்ச் சேர எத்தன நாளாகும்?”

தூரத்தைச் சொன்னேன். நாளைச் சொல்லத் தெரியவில்லை.

அடுத்த நாள் அவளும் இன்னும் சிலரும் ஒரு பிஸ்கட் தகரம் நிறையப் பழைய பெட்டரிகளைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்கள். அவற்றை எங்கே கொடுப்பதென்று இதுவரை விசாரித்துக்கொண்டிருக்கிறேன். தகரம் விஞ்ஞான அறை அலுமாரியில் இருக்கிறது. இப்போது இரண்டாவது தகரமும் பாதி நிறைந்துவிட்டது.