வண்டிக்கு நாடி பார்த்தல்

மனிதருக்கு வயதாகிவிட்டால், அவருக்கு வரும் எந்த நோய்க்கும் "வயதாகிவிட்டதல்லவா?" என்று ஒரே காரணம் சொல்லிவிடுவது உலக வழக்கம். பழைய மோட்டார் வண்டிக்கும் இதே கதிதான். இருபது வயதைத் தாண்டிய வண்டி ஒன்று வழியில் முரண்டு பிடித்தால் போதும், பட்டறைக்காரர் பானெட்டைத் திறப்பதற்கு முன்பே, "கியர் பெட்டி போய்விட்டது ஸார்! வந்த விலைக்குத் தள்ளிவிடுங்கள்" என்று சொல்லிவிடுகிறார்.

நம் வீட்டு வண்டிக்கும் சென்ற வருஷம் இந்தத் தீர்ப்புக் கிடைத்தது. அது தானே கியர் மாற்றிக்கொள்ளும் வண்டி. நம் தமையனாருக்குச் சிறு பிராயத்தில் வந்த இளம்பிள்ளை வாதத்தினால் இடது கால் விளங்காமற் போயிற்று. கிளட்சை மிதிக்க அவரால் இயலாது. கிளட்ச் மிதியே இல்லாத இந்த வண்டிதான், பிறர் தயவை எதிர்பாராமல் அவரை வெளியே அழைத்துச் சென்று வந்தது. புதிது வாங்கக் குடும்ப நிலை இடங்கொடுக்கவில்லை. ஆகவே வண்டியைத் தள்ளிவிடுவதென்பது, அவரை வீட்டுத் திண்ணையில் உட்கார்த்திவைப்பதற்குச் சமானம்.

வண்டிக்கு வந்த உபத்திரவம் இதுதான்: முதல் மூன்று கியர்களும் ஒழுங்காக விழும், நான்காவது மட்டும் வராது. செங்கற்பட்டைத் தாண்டி நல்ல சாலையில் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போதும், எஞ்சின் மூன்றாவது கியரிலேயே நின்று ஓலமிடும். பெட்டியை முழுவதும் பிரித்துப் புதுப்பிக்கப் பட்டறைக்காரர் கேட்ட தொகையில் ஓர் எளிய கல்யாணத்தை நடத்திவிடலாம்.

"நாடி பார்க்காமலே ஆயுளை முடிக்கிறாரே!" என்றார் தமையனார்.

தானே கியர் மாறும் வித்தை புதிதன்று. அமெரிக்காவில் 1940-ஆம் வருஷ மாடல் ஓல்ட்ஸ்மொபீல் வண்டிகளில் 'ஹைட்ரா-மாட்டிக்' என்ற பெயருடன் அது பெருவாரியாக விற்பனைக்கு வந்தது. அதன் பின் எத்தனையோ மாறுதல்கள் வந்துவிட்டாலும், இவ்வகைப் பெட்டிக்கு ஜீவன் எண்ணெய்தான். ஒரு பம்பு எண்ணெயை அழுத்துகிறது. அந்த அழுத்தம் உள்ளே இருக்கும் கிளட்சுத் தட்டுகளை இறுக்கியும் தளர்த்தியும் கியரை மாற்றுகிறது. எப்போது மாற்றுவது என்பதை மிகப் பழைய வண்டிகளில் எண்ணெய் அழுத்தமே தீர்மானித்தது. பிற்பட்டவற்றில் ஒரு சிறு கம்ப்யூட்டர், வண்டியின் வேகம், ஆக்ஸிலரேட்டரின் நிலை, எஞ்சினின் உஷ்ணம் முதலியவற்றை விசாரித்து உத்தரவிடுகிறது. ஆகவே நோய் எண்ணெயில் இருக்கலாம், தட்டுகளில் இருக்கலாம், அல்லது உத்தரவில் இருக்கலாம்.

நமக்குப் பழக்கமான முதிய மெக்கானிக் ஒருவர் இந்த வரிசையிலேயே பரிசோதித்தார். வண்டியைச் சிறிது தூரம் ஓட்டிச் சூடேற்றி, சமதரையில் நிறுத்தி, எஞ்சின் ஓடும்போதே அளவுக் கம்பியை உருவினார். (பல வண்டிகளுக்கு இதுவே முறை. சிலவற்றுக்கு எஞ்சினை நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டும். வண்டியுடன் வந்த புத்தகத்தைப் பார்த்துச் செய்வது நலம்.) ஒரு சொட்டு எண்ணெயை வெள்ளைத் துணியில் விட்டார். அது சிவப்பாக இருந்தால் க்ஷேமம். கறுத்துத் தீய்ந்த வாடை வீசினால் தட்டுகள் கருகியிருக்கின்றன. பால் கலந்த ரோஜா வர்ணமானால் ரேடியேட்டர் தண்ணீர் உட்புகுந்திருக்கிறது. எண்ணெய் குறைந்திருந்தாலோ, கியரைப் போட்ட பின்பும் வண்டி நகராமல் தயங்கும். நம் வண்டியின் எண்ணெய் சற்றுப் பழுத்திருந்தது; வாடை இல்லை; அளவும் சரி.

பிறகு சாலையில் ஓட்டச் சொல்லிக் காதைத் தீட்டிக்கொண்டார். "தட்டுத் தேய்ந்திருந்தால் நான்காவது கியர் வரப் பார்த்து வழுக்கும், எஞ்சின் வீறிடும். இங்கே வருவதற்கு முயற்சியே காணோம். சொன்ன பேச்சைக் கேட்காத பிள்ளை வேறு, சொல்லவே படாத பிள்ளை வேறு, தம்பி!" என்றார். நான்காவது கியரைத் தடுக்கும் பொத்தானும் பழுதில்லாமல் இருந்தது. அப்புறம் அவர் கேட்ட கேள்வி நமக்குச் சம்பந்தமற்றதாகத் தோன்றியது.

"பெட்ரோல் எப்படிக் குடிக்கிறது?"

தமையனார் தம் கணக்கு நோட்டை நீட்டினார். லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் கொடுத்த வண்டி, நாலு மாதமாக ஒன்பதுதான் கொடுத்திருந்தது. பெரியவர் முகம் மலர்ந்தது. எஞ்சின் இன்னும் சூடேறவில்லை என்று கம்ப்யூட்டர் எண்ணிக்கொண்டால் பெட்ரோலை அதிகமாகத் தெளிக்கும். இவ்வகை வண்டிகளில் நான்காவது கியரையும் கொடுக்காது. இரண்டு குறைகளும் ஒரு வேரிலிருந்து முளைத்தவை! உஷ்ணத்தை அறிவிக்கும் சிறு கருவியின் இணைப்பைக் கழற்றினார். முனைகளில் பச்சை பூத்திருந்தது. முகப்பிலுள்ள உஷ்ண முள்ளுக்கு வேறு கருவி. அதனால்தான் அது ஒன்றும் காட்டிக்கொடுக்கவில்லை.

இணைப்பைச் சுத்தம் செய்து, சில நூறு ரூபாயில் புதுக் கருவி பொருத்தினார். மறுநாள் மதுராந்தகம் சாலையில் தமையனார் ஓட்ட, நாம் பக்கத்தில் அமர்ந்திருந்தோம். மெல்லிய அசைவுடன் நான்காவது கியர் விழுந்தது. எஞ்சின் பெருமூச்சு விட்டாற்போல் அடங்கிற்று. தமையனார் ஒன்றும் பேசவில்லை. வீடு திரும்பும் வரையில் ஏதோ ஒரு ராகத்தை முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

எல்லா வண்டிக்கும் இத்தகைய யோகம் வாய்க்கும் என்று நாம் சொல்லவில்லை. எண்ணெய் கருகி, அடித்தட்டில் உலோகத் தூள் கண்டுவிட்டால் பெட்டியைப் பிரிப்பது தவிர வேறு வழியில்லை. ஆனால் பிரிப்பது கடைசிச் சிகிச்சையாக இருக்கட்டும். பழைய வண்டி வைத்திருக்கும் அன்பர்கள் பெட்ரோல் போடும்போதெல்லாம் லிட்டரையும் கிலோமீட்டரையும் நோட்டில் குறித்து வாருங்கள். நோயைச் சொல்ல வண்டிக்கு வாயில்லை. அந்த நோட்டு அதன் சார்பில் பேசும்.